டேங்க் மூடியில் இருந்த துளை

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு ஷெட்டுக்குள் அறுபது வயதைத் தாண்டிய கார் ஒன்று குடியிருந்தது. சாம்பல் நிறம், உருண்டை விளக்குகள், கனத்த கதவுகள். அந்தக் காரின் பின்பக்கம், டிக்கிக்கு அடியில், ஒரு பெட்ரோல் டேங்க் இருந்தது. நான் சொல்லப்போவது அந்த டேங்க்கின் கதை.

காரில் கூட்டமெல்லாம் முன்பக்கம்தான். பானெட்டைத் திறந்தால் சந்தைக்கடை. ஃபேன் சுற்றும், பெல்ட் கிறீச்சென்று கத்தும், பம்ப் டொக் டொக்கென்று இடிக்கும், கார்புரேட்டர் உறிஞ்சும், நாலு பிளக்கும் எந்நேரமும் நெருப்பாய்ப் பொரியும். சூடு, சத்தம், எண்ணெய்ப் பிசுக்கு, ஒருத்தரை ஒருத்தர் ஏசுவது, அடுத்த நிமிஷம் சேர்ந்து ஓடுவது. நாலு பேர் சேர்ந்திருக்கும் வீடு எப்படி இருக்குமோ அப்படி.

டேங்க் மட்டும் பின்னால், இருட்டில், தனியாக. பக்கத்தில் ஸ்டெப்னி டயர் ஒன்று இருந்தது. அதுவோ படுத்தால் எழுந்திருக்காத ஆசாமி. முன்பக்கத்துக்கும் டேங்க்குக்கும் இருந்த ஒரே தொடர்பு ஒரு மெல்லிய குழாய். காரின் வயிற்றுக்கு அடியில் நீளமாகப் படுத்திருக்கும் அந்தக் குழாய்தான் பெட்ரோலைக் கொண்டுபோகும், அங்கே நடக்கிற வம்பை இங்கே கொண்டுவரும்.

"அண்ணே, இன்னைக்கு ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் செம சண்டை" என்று குழாய் ஆரம்பிக்கும்.

"எனக்கெதுக்குடா தம்பி அதெல்லாம்? கேட்டதைக் கொடுத்துட்டேன். எடுத்துட்டுப் போ" என்று டேங்க் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

டேங்க்குக்கு ஒரு பெருமை உண்டு. இந்தக் காரில் எல்லோரும் யாரிடமாவது ஏதாவது வாங்கித்தான் பிழைக்கிறார்கள், நான் ஒருத்தன் மட்டும்தான் கொடுக்கிறவன் என்பது அதன் எண்ணம். "நான் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல" என்று ஸ்டெப்னியிடம் அடிக்கடி சொல்லும். ஸ்டெப்னி தூக்கத்தில் உம் கொட்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேனே. டேங்க்குக்கு உள்ளூர ஏக்கம்தான். குழாய் போன பிறகும் அது சொல்லிவிட்டுப் போன ஃபேன் சண்டையையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கும். வெளியே காட்டிக்கொள்ளாது, அவ்வளவுதான்.

இன்னொரு ஆள் இருந்தது. டேங்க்கின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும் மூடி. அந்த மூடியின் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பெட்ரோல் குறையக் குறைய அந்தத் துளை வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். காற்றோடு ஊர் சேதியும் வரும்.

"டேங்கண்ணே, எதிர்வீட்டுல கருவாடு வறுக்கிறாங்க" என்று மூடி சொல்லும்.

"அண்ணே, மழை வரப்போவுது. மண் வாசம் பாருங்க."

"வாயை மூடிட்டு உக்காரு. ஊர்க் காத்து எனக்கு எதுக்கு? தூசிதான் சேருது" என்று டேங்க் எரிந்து விழும். மூடி கொஞ்ச நேரம் கோபித்துக்கொண்டு, மறுபடி ஆரம்பிக்கும். மானம் ரோஷம் பார்க்காத பிறவி அது.

காரின் சொந்தக்காரர் பெயர் தணிகாசலம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கமலவேணி போய் நாலு வருஷம். ஒரே மகள் செண்பகவல்லி ஏற்காட்டில் பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளை அங்கேயே காபி எஸ்டேட்டில் வேலை. வீட்டில் தணிகாசலம் தனியாகத்தான். சமைப்பார், சாப்பிடுவார், காரைத் துடைப்பார், மகளுக்கு ஏதாவது பார்சல் கட்டி பஸ்ஸில் போட்டுவிடுவார். முறுக்கு, புளி, நல்லெண்ணெய், பேரீச்சை. வாரம் தவறாது. ஆனால் மலை ஏறி மகளைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவருக்கு ஒரு குணம். எங்கே ஓட்டையைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. சுவரில் கீறல், ஜன்னலில் இடுக்கு, குழாயில் கசிவு, எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. முப்பத்திரண்டு வருஷம் மின்கம்பத்தில் ஏறி இறங்கிய பழக்கம் அது.

வைகாசியில் ஒரு நாள் டேங்க் ததும்பத் ததும்பப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தார். ஷெட்டில் நிறுத்தியதும் மூக்கைச் சுளித்தார். பெட்ரோல் வாசம். மூடியைச் சுற்றி லேசாக ஈரம். கிட்டப் போய்ப் பார்த்தால், நடுவில் துளை!

"இது வழியாத்தான் வீணாப் போவுதா?" என்றவர் நேரே கிணற்றடிக்குப் போய், துணி துவைக்கிற பார் சோப்பில் ஒரு துண்டைக் கிள்ளி, விரலில் பிசைந்து, துளைக்குள் வைத்து அழுத்தினார். டேங்க்கில் ஒழுக்கு என்றால் சோப்பு வைத்து அடைப்பது நம்மூர் ரோட்டோர வைத்தியம். சோப்பைப் பெட்ரோல் கரைக்காது. தணிகாசலத்துக்கு அது தெரியும். அந்தத் துளை ஒழுக்கு இல்லை என்பதுதான் தெரியாமல் போயிற்று.

மேலே துணியால் வழித்துப் பளபளவென்று துடைத்தும் விட்டார். துளை இருந்த சுவடே தெரியவில்லை.

முதல் இரண்டு நாள் டேங்க்குக்கு அப்பாடா என்றிருந்தது. கருவாடு இல்லை, மழை இல்லை, எதிர்வீட்டுக் கதை இல்லை. "இதுதான் நிம்மதி" என்று ஸ்டெப்னியிடம் சொன்னது. மூன்றாவது நாள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. ஒன்றுமில்லை. நாலாவது நாள், "என்ன மூடி, சத்தத்தையே காணோம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டது. சோப்பு அடைத்த மூடியால் அடித்தொண்டையில் ஏதோ முனகத்தான் முடிந்தது. என்ன சொல்கிறது என்று விளங்கவில்லை. இருட்டு முன்பைவிடக் கனமாக இருந்தது. டேங்க்குக்கு வந்த வெறுமை இருக்கிறதே, அதை அது யாரிடம் சொல்லும்?

கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்தவரைக்கும் கார் ஒழுங்காகத்தான் ஓடியது. வில்லங்கம் மலையில்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்சீட்டில் ஒரு கூடை மல்கோவா மாம்பழத்தை வைத்துக்கொண்டு தணிகாசலம் ஏற்காட்டுக்குக் கிளம்பினார். மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன பிறகு, "வர்றேன்" என்று ஒப்புக்கொண்டிருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவு. நாலாவது வளைவில் கார் இருமியது, குலுங்கியது, நின்றது.

டேங்க்குக்கு என்னவோ போல் இருந்தது. முன்னால் பம்ப் இழுக்கிறது. குழாய் "குடுண்ணே, குடுண்ணே" என்று கெஞ்சுகிறது. வயிறு நிறையப் பெட்ரோல் இருக்கிறது. கொடுக்கத்தான் நினைக்கிறது. வரவில்லை. நாலு பக்கமும் தகடு உள்ளே இழுத்துக்கொண்டு நெஞ்சைப் பிடித்தது.

தணிகாசலம் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே பளபளவென்று பெட்ரோல். மூடினார். கார் உடனே கிளம்பிவிட்டது. ஆனால் மறுபடி நின்றால் என்ன செய்வது என்ற பயத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

மெக்கானிக் முக்தார் பாய் வந்தார். பழைய கார் என்றால் அந்த வட்டாரத்தில் அவர்தான். "கார்புரேட்டர்ல குப்பை சார்" என்று கழற்றிக் கழுவி ஊதி மாட்டினார். ஷெட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு அஞ்சாவது வளைவில் நின்றது. கார்புரேட்டரை மறுபடி கழற்றிப் பார்த்துவிட்டு, "அப்ப பம்ப்தான்" என்று பம்ப்பின் உள்தோலை மாற்றினார். மலைச் சூட்டில் பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும் என்று ஈரத்துணி வேறு சுற்றச் சொன்னார்.

முன்பக்கத்தில் ஒரே களேபரம்.

"என்னைத்தான் ரெண்டு தடவை உரிச்சாங்க" என்று கார்புரேட்டர் புலம்பியது. அது கொஞ்சம் படித்த கை. காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்ற கணக்கு அதனிடம்தான். "பெட்ரோல் தெறிக்கிற என் ஜெட்டுக்குள்ள கம்பிய விட்டுக் குத்தினாங்களே. அதோட துளை ஒரு அளவா இருந்தது. இப்ப சீர்கெட்டுப் போச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"உனக்காவது குத்தினதோட போச்சு. எனக்குத் தோலையே மாத்திட்டாங்க" என்றது பம்ப். "இழுக்கிறேன், இழுக்கிறேன், எதிர்ப்பக்கம் யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு. என் கண்ணாடிக் கிண்ணம் பாதிதான் நிறையுது. அந்தப் பின்னாடி இருக்கிற பெரிய மனுஷன் ஒழுங்காக் குடுக்கிறாரா இல்லையான்னு கேட்டுட்டு வாடா குழாய்."

குழாய் தயங்கித் தயங்கி வந்து கேட்டது. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க பக்கம் ஏதாவது..."

"என் பக்கமா?" டேங்க்குக்குச் சுருக்கென்றது. "நான் நிறைஞ்சு கிடக்கேன். கண்ணு இருந்தா வந்து பார்க்கச் சொல்லு. குறை சொல்ல வந்துட்டாங்க!"

குழாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிற்று. டேங்க்குக்குத் தான் சொன்னது பாதிப் பொய் என்று தெரியும். நெஞ்சைப் பிடிப்பதும் கொடுக்க முடியாமல் போவதும் அதற்குத்தானே தெரியும்! ஆனால் அதை எப்படிச் சொல்வது? கொடுக்கிறவன் என்று காலமெல்லாம் பீற்றிக்கொண்டுவிட்டு, என்னால் முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? கார்புரேட்டரின் புலம்பல் குழாய் வழியாகக் கேட்கக் கேட்க டேங்க்குக்கு அவமானமாக இருந்தது. அப்போதும் பேசவில்லை.

வியாழக்கிழமை காலை தணிகாசலம் டிக்கியின் மேல் கையூன்றி நின்றபடி மகளோடு போனில் பேசினார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். டேங்க்குக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"பஸ்ல வாங்கப்பா."

"பஸ்ல அந்த வளைவுக்கெல்லாம் எனக்கு வாந்தி வரும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"அப்ப அவரை அனுப்புறேன். ஜீப்ல வந்து கூட்டிட்டு வரட்டும்."

"எதுக்கு? மாப்பிள்ளைக்கு எதுக்கு வீண் சிரமம்? நான் யாருக்கும் தொந்தரவா இருக்கக் கூடாதும்மா. மாம்பழம் அழுகிடும், நாளைக்கு பஸ்ல போட்டுவிடவா?"



"அப்பா, நான் மாம்பழமா கேட்டேன்? உங்களைக் கேட்டேன்." செண்பகவல்லியின் குரல் உடைந்தது. "ரெண்டு ஞாயிறா இலை போட்டு வச்சிட்டு வாசலைப் பார்த்துட்டு நின்னேன். இந்த வாரமும் வரலைன்னா இனிமே நான் கூப்பிடவே மாட்டேன்பா. நீங்க அங்கேயே தனியா இருங்க. சத்தியமாச் சொல்றேன்."

போன் வைக்கப்பட்டது. தணிகாசலம் போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு காரைப் பார்த்து, "இந்த ஞாயித்துக்கிழமை நீ ஏறணும். ஏறலைன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன்தான் வருவான். சொல்லிட்டேன்" என்றார். கோபமாகத்தான் சொல்லப் பார்த்தார். குரல் ஒத்துழைக்கவில்லை.

டேங்க் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. தான் போனால் போகட்டும். கார்புரேட்டர், பம்ப், வாயாடிக் குழாய், தூங்குமூஞ்சி ஸ்டெப்னி, எல்லோரையும் சேர்த்தல்லவா சுத்தியால் அடித்து நசுக்குவார்கள்! இந்த மனுஷரும் மகளை விட்டுவிட்டு ஷெட்டைத் துடைத்துக்கொண்டே கிடப்பாரே.

"மூடி" என்று டேங்க் மெதுவாகக் கூப்பிட்டது. "ஏய் மூடி. நீ அன்னைக்கு என்னவோ முனகினியே. என்ன அது?"

மூடி அடித்தொண்டையில் பேசியது. இந்தத் தடவை டேங்க் காது கொடுத்துக் கேட்டதால் விளங்கியது.

"காத்து உள்ள வராம உன்கிட்ட இருந்து ஒண்ணும் வெளிய போகாதுண்ணே. ஒரு மொடக்கு பெட்ரோல் போனா ஒரு மொடக்கு காத்து வரணும். இவ்வளவு காலமும் அப்படித்தான் நடந்துச்சு. நீ குடுத்ததா நினைச்சுட்டிருந்த. வாங்கிட்டுத்தான் குடுத்துட்டிருந்த."

டேங்க் அதை நினைத்துப் பார்த்தது. அந்தக் கருவாட்டு வாசமும் மண் வாசமும் தூசி என்று அது வைத ஊர்க் காற்றும்தான் தன்னை இத்தனை வருஷம் கொடுக்க வைத்ததா? அழுகை வந்தது. தகரத்துக்கு ஏது கண்ணீர்.

"அப்ப நான் என்ன பண்ண?"

"கேளு."

"யார்கிட்ட?"

"யாராவது பக்கத்துல இருக்கும்போது கேளு. நீதான் வலிக்குதுன்னு காட்டிக்கவே மாட்டேங்குறியே. தகட்டை விறைச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற. பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இந்தத் தடவை முக்தார் பாயும் கூட வந்தார். "நானே கூட வந்து பார்த்துடுறேன் சார், என்னதான் கேடு இதுக்குன்னு" என்று ஸ்பானர் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். பம்ப்பின் மேல் ஈரத்துணி. பின்சீட்டில் புதுக்கூடை மாம்பழம். பழசு அழுகிப்போயிருந்தது.

அடிவாரம் தாண்டியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒவ்வொரு வளைவுக்கும் தணிகாசலம் வாய்விட்டு எண்ணினார். நாலு. அஞ்சு. டேங்க்குக்கு நெஞ்சைப் பிடிக்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மொடக்கு தள்ளியது. இன்னும் அரை மொடக்கு. ஆறு. தகடுகள் நாலு பக்கமும் உள்ளே இழுத்தன. பழக்கதோஷம், டேங்க் விறைத்துக்கொண்டது.

ஏழாவது வளைவில் கார் நின்றது.

முக்தார் பாய் இறங்கிக் கல் வைத்தார். பானெட்டைத் திறந்தார். பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டு, "செல்ஃப் அடிங்க சார்" என்றார். தணிகாசலம் அடித்தார். பாட்டிலுக்குள் ஒரு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான்.

"பெட்ரோலே வரலையே" என்று பாய் தலையைச் சொறிந்தார். "தோல் புதுசு. குழாய்ல அடைப்பு இல்ல, போன வாரம்தான் ஊதிப் பார்த்தேன். டேங்க் ஃபுல்லா இருக்கு. பின்ன எங்க சார் போய் நிக்குது?"

தணிகாசலம் ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். கீழே சேலம் நகரம் சிறியதாகத் தெரிந்தது. மேலே மகள் வீடு இன்னும் பதிமூன்று வளைவு.

"விடுங்க பாய். திருப்பிடலாம்" என்றார்.

"என்ன சார், பாப்பா இலை போட்டுட்டு நிக்குமே."

"நிக்கும். என்ன பண்றது? நமக்கு வாய்ச்சது அவ்வளவுதான். ஒரு விதத்துல நல்லதுதான். நான் போய் அவங்களுக்கு இடைஞ்சலா உக்காந்துக்கிட்டு... வண்டியைப் பின்னால உருட்டித் திருப்பிடலாம். இறக்கம்தானே, தானா போயிடும்."

பாய் கழற்றிய குழாயை மாட்டினார். பானெட்டை மூடினார். தணிகாசலம் கதவைத் திறந்து ஸ்டீரிங்கைப் பிடித்தார். பாய் கல்லை எடுக்கப் பின்பக்கம் வந்து குனிந்தார்.

அவருடைய காது டேங்க்குக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

இதுதான் சமயம் என்று டேங்க்குக்குத் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரிடமும் ஒன்றும் கேட்காத டேங்க், அறுபது வருஷமாய் விறைத்து நின்ற டேங்க், கண்ணை மூடிக்கொண்டு தகட்டைத் தளரவிட்டது.

டொங்!

வயிறு உள்ளே மடிந்தது. மலைப்பாதை முழுக்க எதிரொலித்தது. பாய் பதறிப்போய் எழுந்தார்.

"யா அல்லா! சார், இறங்குங்க. டேங்க் ஏதோ சத்தம் போடுது."

"இரும்பு சூட்டுல போடும் பாய்."

"சூட்டுல போடுற சத்தமா இது? ஆளு நசுங்குற மாதிரி இருக்கு." பாய் மூடியைப் பிடித்துத் திருகினார். இறுக்கமாய் இருந்தது. இரண்டு கையாலும் திருகினார்.

உஸ்ஸ்ஸ்ஸ்.

காற்று உள்ளே பாய்ந்தது. மலைக்காற்று, சில்லென்று. டேங்க்கின் வயிறு டொப்பென்று பழையபடி நிமிர்ந்தது. அதற்கு அழவா சிரிக்கவா என்று தெரியவில்லை.

"இந்தச் சத்தம் என்ன சார்?" என்றார் பாய்.

"அது எப்பத் திறந்தாலும் வரும்."

"எப்பத் திறந்தாலுமா?" பாயின் கண் விரிந்தது. "போன ரெண்டு தடவை வண்டி நின்னப்ப, மூடியைத் திறந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பெட்ரோல் இருக்கான்னு."

"அதுக்கப்புறம் வண்டி கிளம்புச்சா?"

"கிளம்புச்சு. ஆறினதால கிளம்புச்சுன்னு நினைச்சேன்."

பாய் மூடியை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நகத்தை மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"சோப்பு! யார் சார் வச்சது?"

"நான்தான். வாசம் வந்துச்சு. வீணாப் போவுதேன்னு அடைச்சேன்."

பாய் சிரித்தார் பாருங்கள், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சார், எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெய் வருமா? இந்தப் பக்கம் ஒண்ணு போட்டா அந்தப் பக்கமும் ஒண்ணு போடணும்ல? காத்து உள்ள போனாத்தானே உள்ள இருக்கிறது வெளிய வரும். இது ஒழுகுற ஓட்டை இல்ல சார். இதுக்குன்னே கம்பெனிக்காரன் வச்சது. பாவம், டேங்க் என்னதான் பண்ணும்? நிறைய வச்சிக்கிட்டுக் குடுக்க முடியாம கிடந்திருக்கு. நான் வேற அந்தக் கார்புரேட்டரைப் போய் ரெண்டு தடவை உரிச்சேன்."

சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து சோப்பைக் குடைந்தார். புழு மாதிரி நெளிந்து வந்தது. வாயை வைத்து ஊதினார். துளை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

தணிகாசலம் அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு சொல்லவா சார்? கோவிச்சுக்கக் கூடாது" என்றார் பாய். "பதினெட்டு வருஷமா உங்க வண்டியைப் பார்க்கிறேன். ரம்ஜானுக்கு என் பசங்களுக்குத் துணி எடுத்துக் குடுத்திருக்கீங்க. வீட்டுக்கு ஃப்யூஸ் போட வந்திருக்கீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் வீட்டுல டீத்தண்ணி குடிச்சிருக்கீங்களா? வீட்டுக்காரம்மா கேட்டுட்டே இருப்பா, அவருக்கு நம்ம மேல என்ன கோவம்னு."

"கோவமா? ஐயையோ, அதெல்லாம் இல்ல பாய். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

"அதான் சார்" என்று சொல்லிவிட்டுப் பாய் மூடியை மாட்டினார்.

கார் கிளம்பியது. எட்டு. ஒன்பது. பத்து. தணிகாசலம் எண்ணுவதை எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. குழாய் கத்தியது, "அண்ணே, போதும் போதும், நிரம்பி வழியுது!" முன்னால் பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணம் விளிம்பு வரை நின்றது. கார்புரேட்டர் தன் குத்துப்பட்ட ஜெட்டோடு கொஞ்சம் பிசிறாகத்தான் பாடியது, ஆனாலும் பாடியது.

"அண்ணே" என்றது மூடி, தொண்டை திறந்த சந்தோஷத்தில். "மிளகுக்கொடி வாசம். யாரோ காபிக்கொட்டை வறுக்கிறாங்க. அதோ, ரோட்டோரம் சோளம் சுடுறாங்க."

"சொல்லு சொல்லு" என்றது டேங்க். "ஒண்ணு விடாம சொல்லு."

"தம்பி" என்று குழாயையும் கூப்பிட்டது. "கார்புரேட்டர்கிட்ட நான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லு. தப்பு என் பேர்லதான். வாய் திறக்காம இருந்துட்டேன்."

குழாய் போய்ச் சொன்னது. கார்புரேட்டர் என்ன பதில் சொன்னது என்று கேட்கிறீர்களா? கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "அடுத்த வளைவு செங்குத்து. கொஞ்சம் தாராளமா விடச் சொல்லு" என்றதாம். வீட்டுக்குள் மன்னிப்பு என்பது அப்படித்தான் வரும்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கார் ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் போய் நின்றது. செண்பகவல்லி வாசலிலேயே இருந்தாள். ஓடி வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாப்பிள்ளை வந்து மாம்பழக் கூடையை இறக்கினார். பாயைக் கையோடு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

சாப்பாடு முடிந்தது. பாய் நாலு மணி பஸ்ஸில் மலை இறங்குவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மலையின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலம் வெளியே வந்து காரின் அருகில் நின்றார். டிக்கியின் மேல் கையை வைத்தார்.

செண்பகவல்லி பின்னாலேயே வந்தாள். வந்த அன்றைக்கே அவர் கிளம்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எப்பக் கிளம்புறீங்கப்பா? இருட்டுறதுக்குள்ள இறங்கிடுங்க. பனி விழும்."

அவர் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். அறுபத்தெட்டு வயதில் அவர் யாரிடமும் கேட்டுப் பழகாத ஒன்று அது.

"செண்பகம்" என்றார். "எனக்கு ஒரு தலையணை இருக்குமாம்மா?"

செண்பகவல்லி திரும்பி உள்ளே ஓடினாள். பீரோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது.